புது வண்டியில் ஸ்டீயரிங் பம்ப் முனகினால்

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரைத் தாண்டி முத்துக்குமரன் மலையடிவாரத்தில் ஏற்றம் தொடங்கும் இடத்தில்தான் அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். வண்டி வாங்கி ஐந்து வாரம். ஓடியது 1,100 கிலோமீட்டர். பீஞ்சமந்தை போகும் மலைச்சாலையில் ஸ்டீயரிங்கை ஒடித்த ஒவ்வொரு முறையும், கன்றைப் பிரிந்த பசு தொலைவில் நின்று கத்துவதுபோல பானெட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. சக்கரம் நேரானதும் நின்றுவிடும். அடுத்த வளைவில் மறுபடியும் தொடங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, "புது வண்டிக்கு எதற்கு மாப்பிள்ளை இந்தச் சத்தம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதில் கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் சர்வீஸ் சென்டரில், ஸ்டீயரிங்கை எளிதாகத் திருப்ப உதவும் எண்ணெயைத் தள்ளும் பம்பை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். இரண்டு முறையும் ஒரு வாரம் அமைதி, பிறகு அதே முனகல். அந்த மூன்று மாதத்தில் நான் படித்ததும் கேட்டதும் கையால் தொட்டுப் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியைப் புதிதாக வாங்கி ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் கிளம்புகிறவர்கள் இதே சத்தத்தைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். எல்லோரிடமும் முதலில் ஒன்றைத்தான் சொல்கிறேன்: பம்பை மாற்றச் சொல்வதற்கு முன் எண்ணெயைப் பாருங்கள், அந்த எண்ணெயில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். பம்ப் பல நேரங்களில் வலியைச் சொல்லும் வாய் மட்டுமே. நோய் வேறிடத்தில் இருக்கும்.

உங்கள் வண்டியில் பம்ப் இருக்கிறதா?

இதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மாருதி ஜிம்னியிலும் 2024இல் வந்த மஹிந்திரா தார் ராக்ஸிலும் இருப்பது மின்சார ஸ்டீயரிங். அங்கே எண்ணெயும் கிடையாது, பம்பும் கிடையாது. 2020இல் வெளியான மூன்று கதவுத் தாரிலும் ஃபோர்ஸ் கூர்க்காவிலும் ஹைட்ராலிக் பம்ப் உண்டு. ஜீப் ராங்லரின் இன்றைய தலைமுறையில் இரண்டுக்கும் நடுவான ஏற்பாடு: வேலை செய்வது எண்ணெய், ஆனால் பம்பைச் சுழற்றுவது பெல்ட் அல்ல, மின் மோட்டார்.

பானெட்டைத் திறந்து, மூடியில் ஸ்டீயரிங் சக்கரத்தின் படம் போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பாவைத் தேடுங்கள். அதுதான் ஸ்டீயரிங் ஆயில் டேங்க். அது இல்லையென்றால் உங்களுடையது மின்சார ஸ்டீயரிங். சத்தம் வந்தால் சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் கருவி போட்டுத்தான் பார்க்க வேண்டும், இந்தக் கட்டுரை உதவாது. பிரேக் ஆயில் டப்பாவும் அருகிலேயே இருக்கும். குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் ஆபத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பம்புக்குள் நடப்பது

என்ஜின் சுழலும்போது பெல்ட் பம்பைச் சுழற்றுகிறது. பம்புக்குள் நீள்வட்டமான ஒரு வளையம். அதன் நடுவே வட்டமான ஓர் உருளை, உருளையில் வெட்டிய பள்ளங்களுக்குள் மெல்லிய இரும்புத் தகடுகள். சுழலும் வேகத்தில் தகடுகள் வெளியே வந்து வளையத்தின் சுவரை ஒட்டிக்கொண்டு ஓடும். இரண்டு தகடுகளுக்கு இடையிலுள்ள இடம் விரியும்போது எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது, சுருங்கும்போது வெளியே தள்ளப்படுகிறது. தள்ளப்பட்ட எண்ணெய் அழுத்தம் தாங்கும் ஹோஸ் வழியாக ஸ்டீயரிங் பெட்டிக்குப் போய் உங்கள் கைக்கு உதவிவிட்டு, வேறொரு ஹோஸ் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது.

அந்த அழுத்தம் எவ்வளவு தெரியுமா? டயரில் நாம் பிடிக்கும் காற்று 30 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 2 பார். சக்கரத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி லாக்கில் அழுத்திப் பிடிக்கும்போது பல வண்டிகளில் ஸ்டீயரிங் எண்ணெயின் அழுத்தம் 80 பாரைத் தாண்டுகிறது, சிலவற்றில் 100ஐயும் தாண்டும். அதற்கு மேல் போய் ஹோஸ் வெடிக்காமலிருக்க ஒரு விடுவிப்பு வால்வு திறந்துகொள்ளும்.

இத்தனை அழுத்தத்துக்கும் எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். எண்ணெயோடு காற்றுக் குமிழிகள் கலந்து பம்புக்குள் வந்தால், அழுத்தம் ஏறும் இடத்தில் அவை ஒவ்வொன்றும் நசுங்கி உடைகின்றன. வினாடிக்கு எண்ணற்ற குமிழிகள் உடையும் ஒலிதான் நாம் கேட்கும் முனகல். அது நீடித்தால் தகடுகளும் வளையமும் தேய்ந்து, நல்ல பம்பும் கெட்ட பம்பாகிவிடும். அதனால்தான் "சத்தம்தானே, ஓட்டலாம்" என்று விட்டுவிடக் கூடாது.

சத்தத்துக்குச் சரியான பெயர் வையுங்கள்

மெக்கானிக்கிடம் "ஏதோ சத்தம் வருகிறது" என்று சொன்னால் அவர் ஏதோ ஒன்றைத்தான் கழற்றுவார். தமிழில் ஒலிகளுக்குச் சொற்கள் ஏராளம். அவற்றைப் பயன்படுத்துங்கள்.

திருப்பும்போது மட்டும் வந்து, நேரானதும் அடங்குவது முனகல். எண்ணெய் குறைவு அல்லது காற்றுக் கலப்பு என்பதே இதற்கு முதல் ஐயம். நேராகப் போகும்போதும் விடாமல், என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குவது ஊளை. காற்று நிறையக் கலந்திருக்கும், அல்லது டேங்கில் எண்ணெயை வடிகட்டும் வலை அடைத்து எண்ணெய் பம்புக்குப் போதாமல் இருக்கும், அல்லது பம்பின் பேரிங் போயிருக்கும். லாக்கில் பிடிக்கும்போது மட்டும் பாம்பு சீறுவதுபோல மெல்லியதாக வருவது சீறல். இது விடுவிப்பு வால்வின் இயல்பான ஒலி, குறையல்ல. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று வினாடி முனகிவிட்டு அடங்குவதையும் பெரிதுபடுத்த வேண்டாம். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும். ஏலகிரியில் மார்கழி இரவு தங்கியவர்களுக்கு இது பழக்கமாகியிருக்கும்.

கீச்சென்று கத்துவது பெல்ட். கொரகொரவென்று அரைப்பது ஏதோ ஒரு பேரிங். அது பம்பினுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பள்ளத்தில் விழும்போது 'தட்' என்று கேட்பது டை ராடு, பால் ஜாயின்ட் போன்ற மூட்டுகளின் வேலை. அதற்கும் பம்புக்கும் தொடர்பில்லை.

அடுத்து ஒரு சோதனை. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதியுங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் என்ஜினோடு ஏறினால், பெரும்பாலும் பெல்ட்டால் சுழலும் ஏதோ ஒன்றுதான் காரணம். நின்றால் இல்லை, ஓடினால் மட்டும் இருக்கிறது என்றால் டயரையும் கியர் பெட்டிகளையும் பாருங்கள். சேற்று நிலத்துக்கான பெரிய பட்டன் டயர் போட்டவர்கள் இங்கே மிகவும் ஏமாறுகிறார்கள். அந்த டயர் தார்ச்சாலையில் எழுப்பும் ரீங்காரம் அச்சு அசலாகப் பம்பின் ஊளைபோலவே இருக்கும்.

இந்தச் சோதனைகளை வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில், லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே செய்து பயனில்லை. அதிகாலையில், நீளமான மதில் சுவர் இருக்கும் அமைதியான தெருவாகப் பாருங்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஏசியையும் பாட்டையும் அணைத்துவிட்டு, சுவரை ஒட்டி நடை வேகத்தில் ஓட்டுங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பி உங்கள் காதுக்கே அனுப்பும்.

டேங்கைத் திறந்து பாருங்கள்

இதைச் செய்யக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச், ஒரு துண்டு வெள்ளை வேட்டித்துணி போதும்.

சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கரம் நேராக இருக்கட்டும். டேங்கின் பக்கத்திலோ மூடியின் அடியிலுள்ள குச்சியிலோ சூடான எண்ணெய்க்கு ஓர் அளவு, ஆறிய எண்ணெய்க்கு ஓர் அளவு என்று இரண்டு கோடுகள் இருக்கும். வேலூர் வெயிலில் இந்த வித்தியாசம் முக்கியம். மே மாதத்தில் 40 டிகிரிக்கு மேல் போகும் பகலில் ஓட்டிவந்த வண்டியை ஆறிய கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து "எண்ணெய் அதிகம்" என்று முடிவு கட்டாதீர்கள். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தாலும் அந்த மெல்லிய தகடுகளுக்குப் பகை.

இப்போது டார்ச்சை அடித்துப் பாருங்கள். பல வண்டிகளில் இந்த எண்ணெய் மாதுளைச் சாறுபோல் தெளிந்த சிவப்பாக இருக்கும். சிலவற்றில் பச்சை, சிலவற்றில் வெளிர் மஞ்சள். நிறத்தைவிடத் தெளிவுதான் முக்கியம். எனக்கு முதல்முறை தெரிந்தது சிவப்பே அல்ல. ரோஜாப் பாலை வேகமாக ஆற்றினால் மேலே திரளுமே, அதைப்போல இளஞ்சிவப்பாக ஒரு நுரை. ஓரமாகக் கடுகளவுக் குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. என்ஜினை ஓடவிட்டு நண்பர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, நுரை கொஞ்சம் கொஞ்சமாக மேலேறியது.

இதைப் பார்த்தவுடன் "தண்ணீர் புகுந்துவிட்டது" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது எளிது. வண்டியை இரவு முழுவதும் அசைக்காமல் விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். காற்றாக இருந்தால் நுரை அடங்கி எண்ணெய் பழையபடி தெளிந்திருக்கும். தண்ணீராக இருந்தால் பால் கலந்ததுபோல் கலங்கியே கிடக்கும். அப்படியானால் வண்டியை ஓட்டாமல் எண்ணெய் முழுவதையும் மாற்றச் சொல்லுங்கள். ஆழமான ஓடையைக் கடந்தவர்கள், பானெட்டுக்குள் அழுத்தமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

குச்சியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் எண்ணெய் வெந்துபோயிருக்கிறது. வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது வெள்ளிப் பொடி மின்னினால் உள்ளே உலோகம் தேய்கிறது. 1,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இவை இரண்டும் இருக்கவே கூடாது. இருந்தால் அந்தத் துணியையே பத்திரமாக எடுத்து வையுங்கள்.

அளவு குறைந்திருந்தால் நீங்களே வாங்கி ஊற்றலாமா? வாரன்டி உள்ள வண்டியில் வேண்டாம் என்பதே என் கருத்து. எண்ணெய் குறைந்தது ஒரு சாட்சியம், அதை அழிக்காதீர்கள். குறையும் எண்ணெய் எங்கோ கசிகிறது என்று பொருள். வழியில் வேறு வகையின்றி ஊற்றித்தான் ஆக வேண்டுமென்றால், மூடியிலும் கையேட்டிலும் போட்டிருக்கும் வகையை மட்டும் வாங்குங்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. பிரேக் ஆயிலை மட்டும் தப்பித் தவறியும் ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் சீல்கள் ஊறி உப்பி, ஸ்டீயரிங் பெட்டி வரைக்கும் பாழாகும். கசிவை அடைப்பதாகச் சொல்லி விற்கும் மருந்துகளையும் நான் நம்புவதில்லை.

காற்று எங்கே நுழைகிறது?

என்னை மூன்று மாதம் அலைக்கழித்த கேள்வி இதுதான். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, ஆனால் டேங்கில் நுரை. எண்ணெய் வெளியே வராத இடத்தில் காற்று எப்படி உள்ளே போகும்?

சத்துவாச்சாரியில் லாரி ஸ்டீயரிங் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் கடைசியாகக் கொண்டுபோனேன். அவர் பம்பைத் தொடவே இல்லை. டேங்கின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸை மட்டும் விரலால் தடவிக்கொண்டே வந்தார். "தம்பி, இந்த ஹோஸ் உறிஞ்சுகிற ஹோஸ். இளநீரில் போடும் ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் இளநீர் வெளியே கொட்டுமா? காற்றுத்தான் உள்ளே வரும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

என்ஜின் ஓடும்போது அந்த ஹோஸில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ, சாய்வாக மாட்டியிருந்தாலோ, மூட்டை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் நசுங்கியிருந்தாலோ எண்ணெய் வெளியேறாது, காற்று நுழையும். வண்டி நிற்கும்போதுதான் மெல்லக் கசியும், அதுவும் ஒரு ஈரம்போல. என் வண்டியில் கிளாம்ப் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஹோஸின் விளிம்பை மட்டும் கடித்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் சிவந்த ஈரம், அதில் ஒட்டிய புழுதி. பம்பை மாற்றிய இரண்டு முறையும் அதே கிளாம்ப்பைத்தான் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். புதிய கிளாம்ப்பின் விலை ஆம்பூரில் ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலையைவிடக் குறைவு.

நீங்களே சோதித்துப் பார்க்க அவர் கற்றுத்தந்த முறை இது. என்ஜின் நின்றிருக்கும்போது அந்த ஹோஸின் இரண்டு முனைகளிலும், மூட்டைச் சுற்றி அதே வகை ஸ்டீயரிங் எண்ணெயைக் கெட்டியாகத் தடவுங்கள். பெல்ட்டில் படக் கூடாது. கையை வெளியே எடுத்த பிறகு ஸ்டார்ட் செய்து, ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கேளுங்கள். சத்தம் சில வினாடிகள் குறைந்தாலோ மாறினாலோ காற்று நுழையும் வாசல் அதுதான். மாறவில்லை என்பதற்காக அங்கே ஓட்டை இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிடவும் முடியாது. டேங்க்கின் பிளாஸ்டிக் கழுத்தில் முடி அளவு விரிசல் இருந்தாலும் இதே கதைதான்.

பம்பைத் தவிர மற்றவை

ஒரு மெல்லிய கம்பியையோ நீண்ட ஸ்க்ரூ டிரைவரையோ பம்பின் உடலில் ஊன்றி, மறுமுனையைக் காதோரம் வைத்துக் கேட்பது மெக்கானிக்குகளின் பழைய முறை. வேலூர் மருத்துவமனை ஊர். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட பிறகுதான் மருந்துச் சீட்டு எழுத வேண்டும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். பம்ப், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர், பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் என்று ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டால் எது கத்துகிறது என்று தெரிந்துவிடும். ஓடும் பெல்ட்டுக்கு அருகில் கை போகும் வேலை இது. பழகாதவர்கள் மெக்கானிக்கிடமே விடுங்கள். துண்டு, தாவணி, தொங்கும் கழுத்துப் பட்டை எதுவும் உடலில் இருக்கக் கூடாது.

கீச்சொலியாக இருந்தால், ஓடும் பெல்ட்டின் பள்ளங்கள் மேல் சிறிய தெளிப்பானால் தண்ணீரைத் தூரத்திலிருந்து தெளித்துப் பார்க்கலாம். சத்தம் அடங்கி மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. சேற்றில் ஆடிய வண்டியில் புல்லியின் பள்ளத்தில் காய்ந்த களிமண் அடைத்துக்கொண்டே இந்தச் சத்தம் வருவதுண்டு. கழுவினாலே போய்விடும்.

புது வண்டியில் அடிக்கடி தவறவிடப்படுவது இன்னொன்று. பம்பிலிருந்து கிளம்பும் அழுத்தக் குழாய் சேஸியையோ ஏதாவது ஒரு பிராக்கெட்டையோ தொட்டுக்கொண்டிருந்தால், பம்பின் இயல்பான மெல்லிய துடிப்பு முழு உடலுக்கும் பரவி, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் பெரும் ஊளையாகக் கேட்கும். வெளியே நிற்பவருக்கு அவ்வளவாகக் கேட்காது. இதுதான் அடையாளம். வண்டி எடுத்த முதல் மாதத்திலேயே முன்பக்க இரும்பு பம்பர், வின்ச், அடித்தகடு என்று மாட்டுகிறோம். மாட்டியவர் வசதிக்காகக் குழாயைச் சற்று நகர்த்தியிருப்பார். பெயின்ட் உரசிப் பளபளக்கும் இடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய டயர் மாட்டியவர்களுக்கும் ஒரு சொல்: அகலமான டயரைத் திருப்ப அதிக அழுத்தம் வேண்டும். முன்பு கேட்காத சத்தம் டயர் மாற்றிய வாரத்தில் கேட்டால், அது தற்செயலாக இருக்காது.

ஜாப் கார்டில் எழுத வேண்டியது

ஜாப் கார்டு என்பது நீங்கள் சொல்லும் குறைகளைச் சர்வீஸ் சென்டரில் எழுதும் காகிதம். வாரன்டி காலத்தில் உங்கள் பலம் அந்தக் காகிதம்தான். என் முதல் ஜாப் கார்டில் "ஸ்டீயரிங் சத்தம்" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. அதை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் நிலைநாட்ட முடியவில்லை.

இப்படி எழுதச் சொல்லுங்கள்: "1,100 கிலோமீட்டரில் தொடங்கியது. என்ஜின் சூடான பிறகு, குறைந்த வேகத்தில் இரு பக்கமும் திருப்பும்போது முனகல். நின்ற நிலையிலும் என்ஜின் வேகத்தோடு கூடுகிறது. டேங்கில் நுரை காணப்படுகிறது. உறிஞ்சும் ஹோஸ், கிளாம்ப், ஓ-ரிங் சோதிக்கவும்." சர்வீஸ் அட்வைசர் சுருக்க முயன்றால் பொறுமையாக மறுபடியும் சொல்லுங்கள். எழுதியதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சத்தத்தையும் செல்பேசியில் பதிவு செய்யுங்கள்: ஒரே காட்சியில் என்ஜின் வேக முள்ளும், திருப்பும் கையும் தெரிய வேண்டும். மலையில் வரும் சத்தம் ஷோரூம் வாசலில் வராமல் போகும். அப்போது இந்தப் பதிவுதான் பேசும். முடிந்தால் மெக்கானிக்கை உட்காரவைத்து ஒரு சுற்றுப் போய் வாருங்கள்.

பம்பைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவானால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பழைய எண்ணெயை முழுவதுமாக வெளியேற்றிக் குழாய்களைக் கழுவுவீர்களா? டேங்கையோ அதிலுள்ள வலையையோ மாற்றுவீர்களா? புதிய ஓ-ரிங்கும் கிளாம்ப்பும் போடுவீர்களா? தேய்ந்த பம்பின் இரும்புப் பொடி பழைய எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கும். அதே எண்ணெயைப் புதிய பம்புக்கு ஊட்டினால் அதுவும் அதே வழியில் போய்விடும். பல டேங்குகளில் வலை உள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதால் கழற்றிச் சுத்தம் செய்ய முடியாது. டேங்கையே மாற்றுவதுதான் சரி.

இத்தனைக்குப் பிறகும் "எல்லா வண்டியிலும் இப்படித்தான்" என்று சொன்னால், அதே மாடலில் இன்னொரு புது வண்டியைக் காட்டி ஒப்பிடச் சொல்லுங்கள். நியாயமான கோரிக்கை இது. எழுத்தில் பதில் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடரலாம், பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள்.

காற்றெடுப்பது எப்படி?

கிளாம்ப்பை மாற்றிய பிறகும் உள்ளே சேர்ந்த காற்று தானாகப் போகாது. அதை வெளியேற்ற வேண்டும். வாரன்டி உள்ளவர்கள் சர்வீஸ் சென்டரில் கூடவே நின்று இதைப் பாருங்கள். அவசரப்பட்டு ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடுவதால்தான் பல வண்டிகள் திரும்பி வருகின்றன. கையேட்டில் உங்கள் வண்டிக்குத் தனி முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சாவியை ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் நிலைக்குத் திருப்புங்கள், ஆனால் என்ஜின் ஓடக் கூடாது. டேங்கை ஆறிய கோடு வரை நிரப்பி, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நிதானமாகத் திருப்புங்கள். லாக்கைத் தொட்டதும் திரும்பிவிட வேண்டும், இறுக்கிப் பிடிக்கக் கூடாது. ஒருவர் திருப்ப, இன்னொருவர் டேங்கைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் குமிழிகள் கிளம்பி வந்து உடைவது கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் இறங்க இறங்க ஊற்றுங்கள். 20 முறை திருப்புவது குறைந்த அளவு. குமிழி வந்துகொண்டிருந்தால் 40 முறையும் திருப்ப வேண்டியதுதான்.

குமிழி நின்ற பிறகு ஒரு பத்து நிமிடம் விடுங்கள். பிறகு என்ஜினைச் சில வினாடிகள் மட்டும் ஓடவிட்டு நிறுத்தி, அளவைப் பாருங்கள். சரியாக இருந்தால் சக்கரங்களை இறக்கி, ஸ்டார்ட் செய்து, சாதாரண வேகத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். மறுபடியும் நுரைத்தால் உடனே நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். நுரையோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் காற்று இன்னும் பொடிப்பொடியாக உடைந்து எண்ணெயோடு கலந்துவிடும்.

மலையில் ஓட்டும்போது

ஏலகிரிச் சாலையில், தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றில் முதல் கியரில், ஏசியோடு, நின்று நின்று ஏறும்போதுதான் பம்புக்குப் பெரும் சோதனை: என்ஜின் வேகம் குறைவு, திருப்பம் அதிகம், முன்னாலிருந்து வரும் காற்றும் குறைவு. வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது திருப்புங்கள்; நின்ற இடத்தில் சக்கரத்தை முறுக்காதீர்கள். லாக்கில் ஐந்து வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். அந்த நேரத்தில் எண்ணெய் ஒரே வால்வு வழியாகச் சுழன்று கொதிக்கிறது. சக்கரம் பாறையில் முட்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கால் பாறையோடு மல்லுக்கட்டுவதும் இதே தவறுதான். அரையடி பின்னால் எடுத்துத் திருப்பினால் வேலை முடிந்துவிடும்.

மணலுக்காகவோ உழுத நிலத்துக்காகவோ டயர் காற்றைக் குறைத்திருந்தால், தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி பிடித்துவிடுங்கள். தளர்ந்த டயரைத் திருப்புவது பம்புக்குக் கூடுதல் பாரம். ரேடியேட்டர் முன்னால் ஸ்டீயரிங் எண்ணெயைக் குளிர்விக்கும் வளைந்த குழாய் சில வண்டிகளில் இருக்கும். அதில் அப்பிய சேற்றைக் கழுவிவிடுங்கள். காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி வண்டியை இறக்காதீர்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

ஓடும்போது ஸ்டீயரிங் திடீரென்று கனத்துவிட்டால் பதற வேண்டாம். உதவிதான் போயிருக்கிறது, இணைப்பு அறுந்துவிடவில்லை. இரண்டு கையாலும் பலமாகத் திருப்பினால் வண்டி திரும்பும். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தி, பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்த நிலையில் "வீடு வரைக்கும்தானே" என்று ஓட்டினால் என்ஜினே சூடேறிப் போய்விடும். எண்ணெய் புகை வாடை வந்தால் உடனே என்ஜினை அணைத்துவிடுங்கள். சூடான சைலன்சர் குழாயில் சொட்டும் ஸ்டீயரிங் எண்ணெய் தீப்பிடிக்கக்கூடியது.

பழுது பார்த்து வந்த மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன் அந்த உறிஞ்சும் ஹோஸின் மூட்டுக்கு அடியில் வெள்ளைத் துணியால் ஒருமுறை ஒற்றிப் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை. என் வண்டியில் இரண்டு முறையும் துணி உலர்ந்தே இருந்தது. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் ஏற்றிக்கொண்டு பீஞ்சமந்தைக்குப் போனேன். முதல் வளைவில் அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒடித்த சக்கரத்துக்கு அடியில் ஜல்லி நெரிபடும் சத்தம் மட்டும்தான் வந்தது.